உருவிவிட்டால் கை வருமா? வலப்பக்க மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமியின் நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு படிக்கிற ஏழு வயதுச் சிறுமி. வலப்பக்க மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி), அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடலின் வலப்பக்கம் சரியாக இயங்காத நிலை. நடப்பாள், ஓடுவாள், கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறுவாள். வாயாடி. வலக்கைதான் பிரச்சினை: அவள் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வரும், வேலைக்கு மட்டும் வராது. அவளுடைய அம்மா முதல் நாளே கேட்டார்: "கையை நல்லா புடிச்சு உருவி விட்டா சரியாயிடுமா மேடம்?" கையால் பிடித்து, இழுத்து, அசைத்துச் செய்யும் கைமுறை சிகிச்சையைப் பற்றி என் சக பிசியோதெரபிஸ்டுகள் சுற்றி வளைத்துக் கேட்பதும் இதே கேள்விதான். இந்தக் குழந்தையிடம் அதற்குக் கிடைத்த பதிலை எழுதுகிறேன். பெற்றோர் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆள் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

நிறைமாதப் பிரசவம். பிறந்ததும் அழுதாள், பால் குடித்தாள். இரண்டாம் நாள் வலக்கையும் வலக்காலும் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தன. வலிப்பு அடங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் மாதத்தில் கிலுகிலுப்பையை நீட்டினால் இடக்கைதான் வந்தது. "புள்ள பீச்சாங்கைக்காரி" என்றார் ஆயா. வீட்டில் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டார்கள். ஒரு வயதுக்குள் குழந்தை ஒரு கையை மட்டும் தேர்ந்தெடுத்தால், தேர்ந்தெடுக்கப்படாத கையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். தடுப்பூசி போட வருகிற தாய்மார்களிடம் இந்த ஒரு தகவலைச் சொன்னாலே பல குழந்தைகள் எங்களிடம் முன்கூட்டியே வந்து சேர்வார்கள்.

ஒன்றரை வயதில், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூளையின் இடப்பக்க நடுத்தமனி ரத்தம் கொடுக்கும் பகுதியில் பழைய அடைப்பு; உடலின் வலப்பக்கத்தை இயக்குவது மூளையின் இடப்பக்கம்தான். பிறப்பை ஒட்டி வந்த ஸ்ட்ரோக். அந்தத் தமனி பாதிக்கப்பட்டால் காலைவிடக் கைதான் அதிகம் அடிவாங்கும், இவளுக்கும் அப்படித்தான். வலிப்பு மருந்தை மூன்று வயதில் மருத்துவர் நிறுத்திவிட்டார். அதன்பின் வலிப்பு வரவில்லை. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டிலிருந்தபடி பூ கட்டிக் கொடுக்கிறார். பிசியோ சிகிச்சை விட்டுவிட்டுத்தான் நடந்தது. விடாமல் நடந்தது ஒன்றே ஒன்று: தினமும் காலையில் ஆயா நல்லெண்ணெய் காய்ச்சிக் கையை உருவி இழுத்துவிடுவது.

ஆயா செய்ததை நான் குறை சொல்லவில்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒரு முறையே இருக்கிறது; அதன் ஒன்பது வகைகளில் முறுக்கல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் எல்லாம் உண்டு. எங்கள் பிடிகள் சிலவற்றுக்கும் அவற்றுக்கும் தூரம் அதிகமில்லை. ஆயாவின் கையில் இருந்த சிக்கல் வேகம். மூளை முடக்குவாதத்தில் தசை இறுக்கம் வேகத்தைப் பொறுத்தது. சட்டென்று இழுத்தால் தசை எதிர்த்துப் பிடித்துக்கொள்ளும். மெதுவாகப் போனால் வழிவிடும். இன்னொன்று, மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிற பழக்கம். சின்னக் குழந்தைகளுக்கு இதில் முழங்கையில் ஆரை எலும்பின் (முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று) தலை நழுவும். அதை மட்டும் அன்றே நிறுத்தச் சொன்னேன்.

சோதனையில் தெரிந்தவை

சும்மா உட்கார்ந்திருக்கும்போது தோள் உள்பக்கம் திரும்பி, முழங்கை மடங்கி, உள்ளங்கை தரையைப் பார்த்து, மணிக்கட்டு தொங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒளிந்திருக்கும். ஓடினால் முழங்கை இன்னும் மடங்கி மார்போடு ஒட்டிக்கொள்ளும். நடை, ஓட்டம் போன்ற பெரிய அசைவுகளுக்கான ஜி.எம்.எஃப்.சி.எஸ். அளவில் முதல் நிலை, அதாவது பாதிப்பு மிகக் குறைவு. கைத்திறனுக்கான மாக்ஸ் வகைப்பாட்டில் இரண்டாம் நிலை, அதாவது பெரும்பாலான பொருட்களைக் கையாள முடியும், ஆனால் வேகமும் நேர்த்தியும் குறைவு. பாதித்த கை எவ்வளவு பயன்படுகிறது என்பதை 0 முதல் 8 வரை சொல்லும் ஹவுஸ் அளவில் 4: பொருளைத் தானாகப் பிடிக்கும், பிடி பலவீனம்.

முழங்கையை மெதுவாக நீட்டினால் கடைசி 10 டிகிரி மட்டும் வரவில்லை. வேகமாக நீட்டினால் 80 டிகிரி மடக்கத்திலேயே வெடுக்கென்று பிடித்துக்கொண்டது. இவ்வளவு இடைவெளி இருந்தால் அங்கே நரம்பின் இறுக்கம் அதிகம், தசையின் உண்மையான குறுக்கம் குறைவு என்று அர்த்தம். முன்கை வேறு கதை. உள்ளங்கை மேலே பார்க்கும்படி மெதுவாக மல்லாத்தினாலும் 55 டிகிரியோடு நின்றது, இடக்கையில் 85. அவளாகவே மல்லாத்தியது வெறும் 10 டிகிரி. தடை வந்த இடம் எலும்பு முட்டுவதுபோல் இல்லாமல் மெத்தென்று இருந்தது. கட்டையாக நின்றிருந்தால் முதலில் எக்ஸ்ரே கேட்டிருப்பேன். முன்கை நாள்பட்டுக் கவிழ்ந்தே கிடக்கும் குழந்தைகளில் ஆரை எலும்பின் தலை விலகியிருக்கலாம், அந்தக் கையை முறுக்கினால் தீங்குதான் வரும்.

விரல்களை மடங்க விட்டுவிட்டு மணிக்கட்டைத் தூக்கினால் 65 டிகிரி வந்தது. விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு தூக்கினால் 30. ஆக, மணிக்கட்டு மூட்டில் கோளாறில்லை. முன்கையில் தொடங்கி விரல் வரை ஓடும் நீளத் தசைகள்தான் குட்டை.

ஒரு நிமிடத்தில் மரக்கட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு மாற்றும் சோதனையில் இடக்கை 44, வலக்கை 9. கண்ணை மூடிக்கொண்டு வலக்கையில் வைத்த பொருளைச் சொல்லச் சொன்னோம். சாவியைக் கண்டுபிடித்தாள். நாணயத்தையும் ரப்பரையும் சொல்ல முடியவில்லை. தொட்டுணர்வு குறைந்த கையைக் குழந்தை மறந்துவிடுவது இயல்பு. எந்தப் பிடியாலும் அதைத் திருப்பித் தர முடியாது என்பதை அம்மாவிடம் அப்போதே சொல்லிவிட்டேன்.

என்ன வேண்டும் என்று யார் சொல்வது

ஆயாவுக்குச் சோற்றுக்கையால் சாப்பிட வேண்டும். "பந்தில உக்காந்தா நாலு பேர் பாக்கறாங்க" என்றார். வலப்பக்கம் பாதித்த குழந்தை உள்ள எல்லாத் தமிழ் வீட்டிலும் இந்தச் சண்டை உண்டு. கட்டாயப்படுத்தினால் சாப்பாட்டு நேரமே போர்க்களம்தான். சோறு பிசைந்து, உருட்டி, வாய்க்குக் கொண்டுபோக முன்கை திரும்ப வேண்டும், மணிக்கட்டு தூக்க வேண்டும், ஐந்து விரலும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும், போதாததற்குத் தொட்டுணர்வும் வேண்டும். இவளுடைய வலக்கை இந்த நான்கிலும் பின்தங்கியது. இடக்கை சாப்பிடட்டும், வலக்கை தட்டைப் பிடிக்கட்டும் என்று பேசி முடித்தோம். ஆயா முழு மனதாக ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் நின்ற இலக்குகள் மூன்று. பள்ளியில் சத்துணவுத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, சாம்பார் சிந்தாமல் தன் இடத்துக்குக் கொண்டுபோவது. இது அம்மா கேட்டது. தண்ணீர் பாட்டிலை வலக்கையில் பிடித்து இடக்கையால் மூடியைத் திறப்பது. இது வகுப்பு ஆசிரியை கேட்டது. மூன்றாவது அவளே கேட்டது: ஸ்கிப்பிங் கயிறு.

சிகிச்சை

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். முதல் மூன்று வாரம் கைமுறை சிகிச்சை மட்டும். குடும்பத்துக்கு அதில்தான் நம்பிக்கை. எனக்கும் அது தனியாக எவ்வளவு தூரம் போகும் என்று அளந்து பார்க்க ஆசை. அதன்பின் எட்டு வாரம் முதல் பதினைந்து இருபது நிமிடம் கைமுறை, மீதி நேரம் முழுக்க இருகைப் பயிற்சி. இரவில் போட எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கையை நீட்டியபடி தாங்கும் ஒரு ஸ்ப்ளின்ட் செய்து கொடுத்தார். சென்னை வெக்கையில் அதற்குள் கை வியர்த்துக் கொப்பளிக்கும் என்பதால் உள்ளே பருத்தி உறை. அப்படியும் பல இரவுகளில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் தூங்கியிருக்கிறாள்.

பிடிகளைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'கைமுறை சிகிச்சை' என்று எழுதிவிட்டு உள்ளே என்ன செய்தார்கள் என்று சொல்லாத அறிக்கைகளால் யாருக்கும் பயனில்லை. தொடங்குவது தோள்பட்டை எலும்பில். குழந்தை இடப்பக்கமாகப் படுத்திருப்பாள். என் ஒரு கை அந்த எலும்பின் கீழ் முனையில், மற்றது தோளின் மேல். மேலே, கீழே, முதுகுத்தண்டை நோக்கி, கடைசியாக மேல்சுழற்சி. தோள்பட்டை நகராமல் முழங்கையிலும் மணிக்கட்டிலும் வேலை செய்தால் கை எட்டும்போது எல்லாம் பழையபடி மடங்கிவிடும்.

அடுத்து முன்கை. முழங்கையை 90 டிகிரி மடக்கி விலாவோடு வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் தோள் திரும்பி நம்மை ஏமாற்றும். முன்கையைக் கவிழ்க்கும் தசை முழங்கையின் உள்பக்கத்தில் தொடங்குகிறது. அதன்மேல் கட்டைவிரலை வைத்து மிக மெதுவாக மல்லாத்திக்கொண்டு போவேன். முதல் தடை வந்த இடத்தில் நிறுத்திக் காத்திருப்பேன். ஒரு நிமிடம், சில சமயம் அதற்கும் மேல். இறுக்கம் விடும்போது ஊறிய தோல் இளகுவதுபோல் விரலுக்குத் தெரியும். அப்போது அடுத்த சில டிகிரி. மணிக்கட்டுக்கு அருகே இரண்டு முன்கை எலும்புகளும் சேரும் மூட்டில் மெய்ட்லண்ட் முறையின் இரண்டாம், மூன்றாம் தர அசைவுகள், அதாவது மூட்டைத் தாளகதியில் முன்னும் பின்னும் அசைப்பது.

பிறகு கட்டைவிரல். பெரும்பாலான வீடுகளிலும், வருத்தத்தோடு சொல்கிறேன், சில சிகிச்சை மையங்களிலும் கட்டைவிரலின் நுனியைப் பிடித்து வெளியே இழுக்கிறார்கள். பார்க்கக் கட்டைவிரல் திறந்ததுபோல் இருக்கும். உண்மையில் நடு மூட்டு பின்பக்கம் வளைந்து தளர்ந்துபோகிறது; அடிப்பகுதி அப்படியே உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிடிக்க வேண்டியது உள்ளங்கைக்குள் இருக்கும் கட்டைவிரலின் அடி எலும்பை. அங்கே பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சவ்வை விரிக்க வேண்டும். அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்ததில் அதிக நேரம் எடுத்ததும் இதுதான்.

முகம் சுளித்தால் அந்தப் பிடி அங்கேயே நின்றுவிடும். வலி வந்தால் இறுக்கம் கூடும், அன்றைய உழைப்பு வீண்.

பயிற்சிப் பகுதியில் மல்லாத்திய கை உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்பதுதான் ஒரே விதி. பல்லாங்குழிக்கான புளியங்கொட்டைகளை வலது உள்ளங்கையில் ஏந்தி, இடக்கையால் எடுத்துக் குழிகளில் போடுவாள். சப்பாத்தி உருட்டுவாள். தட்டில் முதலில் கோலிகுண்டு, அப்புறம் தண்ணீர், அப்புறம் நிஜமான சாம்பார். இடக்கையைக் கட்டிப்போட்டு வலக்கையை மட்டும் பழக்கும் முறையும் நன்றாக ஆராயப்பட்டதுதான். ஒரே அளவு மணிநேரம் கொடுத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பலன் தருகின்றன. இவளுடைய இலக்குகள் மூன்றும் இரண்டு கை வேலைகள் என்பதால் இருகைப் பயிற்சியைத் தேர்ந்தோம்.

வீட்டுப் பயிற்சியை நான் திட்டமிட்டதைவிட அம்மா நன்றாக அமைத்தார். மாலையில் அவர் பூ கட்டும்போது குழந்தையின் வலது உள்ளங்கை நிறைய மல்லிகை மொட்டுகளை வைத்துவிடுவார். இடக்கையால் இரண்டிரண்டாக எடுத்து அம்மாவிடம் நீட்ட வேண்டும். கை கவிழ்ந்தால் மொட்டு கொட்டும்; இறுக்கிப் பிடித்தால் நசுங்கும், நசுங்கிய பூ விலைபோகாது. பிடியின் அழுத்தத்தைச் சொல்லிக்கொடுக்க எங்கள் அலமாரியில் இருக்கிற எந்தக் கருவியும் இவ்வளவு கறாராக இல்லை.

என்ன மாறியது

முதல் மூன்று வாரத்தின் முடிவில், சிகிச்சை முடிந்த கையோடு அளந்தால் மல்லாத்தும் கோணம் 75 டிகிரி வரை வந்தது. அடுத்த முறை வரும்போது 60-65க்கு இறங்கியிருக்கும். அவளாகவே மல்லாத்துவது 10-லிருந்து 15 ஆனது. கோணமானியின் பிழையே 5 டிகிரி என்பதால் இதை மாற்றம் என்று சொல்ல மாட்டேன். கட்டை மாற்றும் சோதனையில் 9 என்பது 10. தட்டு இன்னும் இடக்கையில்தான். அம்மாவுக்கு மட்டும் ஒரு வித்தியாசம் தெரிந்தது: சட்டைக்கையில் வலக்கையை நுழைப்பது சுலபமாகியிருந்தது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் அது அம்மாவின் வேலை சுலபமானது, குழந்தையின் கை வேலை செய்தது அல்ல.

பயிற்சியும் சேர்ந்த எட்டு வாரத்துக்குப் பின், அன்றைய சிகிச்சையைத் தொடங்கும் முன் அளந்த கோணம் 72. அவளாக மல்லாத்துவது 35. கட்டைகள் 16. சாம்பார்த் தட்டு நான்காவது வாரம் தரையைப் பார்த்தது, ஏழாவது வாரத்திலிருந்து இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாட்டில் மூடி அதற்கு முன்பே வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை. தெருவில் முழங்கால் தண்ணீர், இரண்டு வாரத்துக்கு மேல் வர முடியவில்லை. வீட்டில் ஈரம், ஸ்ப்ளின்ட் போடவில்லை, பிடித்துவிடவும் இல்லை. பூ மட்டும் வந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது மல்லாத்தும் கோணம் 62க்கு விழுந்திருந்தது. அவளாக மல்லாத்துவது 30. கட்டைகள் அதே 16. தட்டு சிந்தவில்லை. நாங்கள் திட்டமிடாத இந்த இடைவெளிதான் இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமான தகவல். கையால் திறந்தது, கை வைக்காதபோது மூடத் தொடங்கியது. வேலையில் பழகியது நின்றது.

மேலும் ஒரு மாதம் தொடர்ந்தபின் இறுதி அளவு: கோணம் 70, தானாக 40, கட்டைகள் 18. ஹவுஸ் அளவு 4-லிருந்து 5. மாக்ஸ் நிலை அதே இரண்டுதான். அது மாறாததைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வகைப்பாடு குழந்தையின் அன்றாட இயல்பைச் சொல்ல வந்தது, சிகிச்சைப் பலனை அளக்க வந்ததல்ல. முழங்கை இறுக்கம் வேகமாக நீட்டும்போது கிட்டத்தட்ட முன்போலவே. கண்ணை மூடிய சோதனையில் நாணயத்தை இப்போது சொல்கிறாள், ரப்பரை இன்னும் இல்லை. ஸ்கிப்பிங் வரவில்லை. கயிறு ஒரு சுற்று தாண்டும், இரண்டாவது சுற்றில் வலப்பக்கம் பின்தங்கிக் காலில் மாட்டும்.

யோசித்துப் பார்த்தால்

கையாள்கிற சிகிச்சையை ஆராய்ச்சி உலகம் இப்போது அவ்வளவாக மதிப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு 2013-லும் 2020-லும் வெளியிட்ட மதிப்பாய்வுகள் சிகிச்சைகளைச் சாலை சிக்னல்போல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தன. இருகைப் பயிற்சி, நல்ல கையைக் கட்டிப்போடும் கட்டுப்படுத்தல் பயிற்சி, இலக்கு வைத்த பயிற்சி, வீட்டுத் திட்டம் எல்லாம் பச்சையில். குழந்தை சும்மா படுத்திருக்க நாம் செய்கிறவை அங்கே இல்லை. தசையை இழுத்துப் பிடிப்பது பற்றி 2017-இல் வந்த, பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வும் மூட்டின் அசைவில் பொருட்படுத்தத்தக்க நிலையான பலன் இல்லை என்றே சொன்னது.

ஏன் என்பதற்கு ஒரு காரணம் தசைக்குள்ளேயே இருக்கிறது. குட்டையான தசையை இழுத்தால் நீளும் என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். தசை ஆய்வாளர்களான லீபரும் ஃப்ரிடேனும் 2002-இல் அறுவை சிகிச்சையின்போது மணிக்கட்டை மடக்கும் தசையை லேசரால் அளந்தார்கள். மூளை முடக்குவாதத்தில் தசையின் நுண்ணலகுகள் ஏற்கெனவே அளவுக்கு மீறி இழுபட்டுக் கிடந்தன. ஏற்கெனவே இழுபட்டதை நாம் மேலும் இழுக்கிறோம். அன்றைக்குக் கிடைக்கிற 15 டிகிரி, தசை வளர்ந்ததால் வருவதல்ல. இறுக்கமும் விறைப்பும் சற்று நேரம் தளர்வதால் வருவது. அதனால்தான் திரும்பிப் போகிறது.

சரி, அப்படியானால் கைமுறை சிகிச்சையை விட்டுவிடலாமா? நான் விடவில்லை. 55 டிகிரியில் நிற்கும் கை உள்ளங்கையில் மொட்டுகளைத் தாங்காது, பாதி சரிந்துவிடும். குழந்தைக்கு முதல் முயற்சியிலேயே அலுத்துப்போகும். அந்தச் சற்று நேரத் தளர்வில் வேலையைத் தொடங்கினால் கை ஒருமுறையாவது வெற்றி காண்கிறது. எனவே ஒரு மணி நேரத்தில் கால் மணி அதற்கு. முக்கால் மணி அதற்குப் போனால் குழந்தையின் நேரத்தை நாம் தின்கிறோம். கைத்திறன் மாற முப்பது நாற்பது மணிநேரப் பயிற்சி வேண்டும் என்பது இப்போதைய கணக்கு. வாரம் சில மணி நேரம் மட்டும் வர முடிகிற ஒரு வடசென்னைக் குடும்பத்திடம் அதில் பெரும்பகுதியை மசாஜுக்கு வாங்குவது நியாயமில்லை. 'மூளை நரம்பைத் திறந்துவிடுகிறோம்' என்று பேக்கேஜ் போட்டுப் பணம் கேட்கிறவர்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிகழ்வின் வரம்புகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரே குழந்தை. மூன்று வாரத்தையும் எட்டு வாரத்தையும் ஒப்பிடுவது சமமான போட்டியல்ல. அளந்தவர் சிகிச்சை தராத சக ஊழியர்தான், ஆனால் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். கட்டை மாற்றும் சோதனை பழகப் பழகவும் கொஞ்சம் கூடும். இடக்கையே 44-லிருந்து 47 ஆனது. வலக்கை 9-லிருந்து 18 ஆனதை அது மட்டும் விளக்காது என்று நினைக்கிறேன்.

படுத்தே இருக்கிற, பல வருடமாக வலிப்பு மருந்து சாப்பிடுகிற குழந்தைகளுக்கு இந்தப் பிடிகளை அப்படியே எடுத்துச் செய்ய வேண்டாம். அவர்களுடைய எலும்பு பலவீனமாக இருக்கும். வேகமாக முறுக்கினால் உடையும்.

இப்போது அவள் மாதம் ஒருமுறை வருகிறாள். ஆயா எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தவில்லை, வேகத்தைக் குறைத்திருக்கிறார். கட்டைவிரல் இன்னும் உள்ளே போவதால், தசை இறுக்கத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடலாமா என்று எலும்பு மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறோம். ஊசி போட்டால் அடுத்த சில வாரங்கள் பயிற்சிக்குப் பொன்னான நேரம் என்பதால், கோடை விடுமுறையை ஒட்டித் தேதி கேட்டிருக்கிறார் அம்மா. ஸ்கிப்பிங்குக்குக் கயிற்றின் வலப்பக்கக் கைப்பிடியைத் தடிமனாக்கிப் பார்க்கிறோம்.